கரையாத கொயினா

அன்பு மகளுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு அழகு. ஆனால் நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கலியாணச் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாய், மனம் ஒப்பாமல் திரும்ப எடுக்கிறாய். பெட்டியின் மூடி தவறி விழுந்த சத்தம் இப்போது எனக்குக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனைக் கண்டால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டு வருஷமாக நான் உனக்குச் சொன்னதெல்லாம் சிலேட்டில் எழுதிச் சொன்னதுதான். சிலேட்டில் எழுதியதைத் துணியால் ஒரு தரம் துடைத்தால் இல்லாமல் போய்விடும், அப்படித் துடைப்பதில் நான் கைதேர்ந்தவன். இன்று சொல்லப்போவதைத் துடைக்க முடியாதபடி சொல்ல வேண்டும் என்றுதான் தாளும் மையும் எடுத்தேன்.

இன்னும் மூன்று நாளில் உனக்குக் கலியாணம். வேறு ஊர்களில் தாலி கட்டி முடிந்ததும் பெண் அழுதுகொண்டு வண்டி ஏறுவாளாம். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படியல்ல. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஆரையம்பதியிலிருந்து தன் பெட்டியோடு உள்ளே வருவான், பெற்றவர்கள் தங்கள் பெட்டியோடு வெளியே போவார்கள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வளவின் மூலையில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகக் கிடுகு வேய்ந்து வைத்திருக்கிறேன். உன் வீட்டில் தாளிக்கிற வாசம் அங்கே வரும், எனக்கு அது போதும். ஆனால் உன் அம்மா அங்கே வரமாட்டேன் என்கிறாள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையில் நமக்கிருக்கிற வயல் வாடிக் குடிசைக்குத் தனியாகப் போய்விடுவாளாம். கேட்கிற சனத்திடம் வெள்ளாமை பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்கிறாள். என்னிடம் மட்டும், பாத்திரத்தைக் கட்டிக்கொண்டே, வேறு விதமாகச் சொன்னாள்.

"அவள்ட வீட்டில இனி என்ட கை படப்படாது. என்ட கையால அவள் பட்டது போதும்."

அவள் கட்டுகிற மூட்டையை நீயும் பார்த்தாய். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உன் காது இல்லை என்று எனக்குத் தெரியும். உன் காது போனதற்கு அம்மாதான் காரணம் என்று நீ நினைக்கிறாய். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். இரண்டு பேருக்கும் அந்த நினைப்பைக் கொடுத்தவன் நான். மகளே, உன் காதைக் கொண்டுபோனது அம்மாவின் கை இல்லை, நான் கலக்கின மருந்து. எப்படி என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை மருந்து கலக்குவது. அதனால் அதிலிருந்துதான் தொடங்க வரும். உனக்கு எட்டு வயதில், பள்ளிக்கூடத்தில் உன்னை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அனுப்பிவிட்ட பிறகு, நான் வீட்டில் உனக்குப் பாடம் எழுதிக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? என் இங்கிலீசு மருந்துப் புத்தகத்தில் இருந்ததைத் தமிழில் ஆக்கி, கலவை, கரைசல், சேர்வை என்று சிலேட்டில் மூன்று சொல் எழுதினேன். மணலையும் உப்பையும் சேர்த்து உன் கையில் கொடுத்தேன். நீ அதைத் தண்ணீரில் போட்டாய். உப்பு கண்ணுக்கு மறைந்தது, மணல் கீழே கிடந்தது. தண்ணீரை வடித்துச் சிரட்டையில் ஊற்றி வெயிலில் வைத்தோம். மூன்றாம் நாள் சிரட்டையின் சுவரில் உப்பு பூத்திருந்தது. போன பிள்ளை திரும்பி வந்த மாதிரி நீ அதை நக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாய், வயிற்றாலே போகும் என்று அம்மா பயந்தாள்.

இன்னொரு நாள் கொல்லன் பட்டறையிலிருந்து இரும்புத் தூளும், சொறிக்குக் களிம்பு பண்ணுகிற கந்தகமும் கொண்டுவந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் காந்தம் இரவல் வாங்கினேன். இரண்டு தூளையும் எத்தனை கலந்தாலும் காந்தம் இரும்பை மட்டும் பொறுக்கி எடுத்தது. அது கலவை. பிறகு அடுப்பில் வைத்துச் சிவக்கக் காய்ச்சினோம், கறுத்த கட்டி ஒன்று கிடைத்தது. காந்தத்தை வைத்தாய், ஒட்டவில்லை. திருப்பி வைத்தாய், ஒட்டவில்லை. வெகு நேரம் அந்தக் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்பா, இதுக்குள்ள இருக்கிற இரும்புக்குத் தான் இரும்பு எண்டு இன்னும் தெரியுமா?" என்று கேட்டாய். நான் சிலேட்டில் "தெரியாது" என்று எழுதினேன். இரும்புக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா என்று நீ கேட்டுவிடுவாயோ என்று உடனே துடைத்தேன். இன்றைக்கும் சில மத்தியானங்களில், சோறு தின்று கண் செருகுகிற நேரத்தில், அந்தக் கேள்வி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

அதற்கும் முந்திய காலம் ஒன்று உண்டு, உனக்குக் காது கேட்ட காலம். அது எனக்கே இப்போது பாதி கனவாகத்தான் இருக்கிறது. நீ டிஸ்பென்சரிக்கு வந்து மேசைக்கு மேலே தலை எட்டாமல் நிற்பாய். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா வெள்ளை வெளேரென்ற தூள். பச்சைத் தண்ணீரில் போட்டால் லேசில் கரையாது, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கந்தகத் திராவகம் சில சொட்டு விட்டால் போதும், கலங்கல் முழுவதும் ஒரே நொடியில் தெளிந்துபோகும். தெளிந்த போத்தலை ஜன்னல் வெயிலில் பிடித்தால் ஓரத்தில் ஒரு நீலம் மின்னும். தண்ணீருக்கும் அந்த நிறம் இல்லை, தூளுக்கும் இல்லை, திராவகத்துக்கும் இல்லை. நீ அதைத் "தண்ணிக்குள்ள வானம்" என்பாய். வரிசையில் காய்ச்சலோடு நிற்கிற சனத்தை மறந்துவிட்டு நானும் நீயும் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அது மருந்து சரியாகக் கரைந்ததற்கு அடையாளம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஏழு வயது நடக்கும்போது அந்தக் காய்ச்சல் வருஷம் வந்தது. மழை பிந்தி, குளங்கள் குட்டை குட்டையாய்த் தேங்கி, நுளம்பு பெருகி, வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயோடு கிடந்தார்கள். டிஸ்பென்சரியில் திராவகம் முடிந்துபோனது. பட்டினத்திலிருந்து வர வேண்டியது வரவில்லை. கொயினாத் தூள் மட்டும் டின் டின்னாகக் கிடந்தது. அதைத் தண்ணீரில் அப்படியே கலக்கி, குலுக்கிக் குடிக்கச் சொல்லிக் கொடு என்று டாக்குத்தர் சொன்னார். குலுக்கிக் குடித்தால் அதுவும் மருந்துதான். நான் போத்தல் போத்தலாகக் கலக்கினேன். ஒவ்வொன்றிலும் "குலுக்கிக் குடிக்கவும்" என்று எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து அழகு என்று எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

அந்தக் கிழமைதான் உனக்கும் குளிர் பிடித்தது. படுவான்கரையில் நிலைமை மோசம், நாலு நாள் அங்கே நின்று மருந்து கொடுத்து வா என்று எனக்கு உத்தரவு. துறையில் தோணி காத்து நின்றது. நான் ஓடிவந்து ஒரு போத்தலை அம்மாவின் கையில் வைத்தேன். பன்னிரண்டு வேளை, போத்தலில் ஒட்டியிருக்கிற தாளில் வெட்டின குறிக்கு ஒரு வேளை, நாளுக்கு மூன்று தரம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குலுக்கு என்று சொல்லவில்லை. நம் வீட்டுக்கு நான் அதுவரை கொண்டுவந்த கொயினா எல்லாம் தெளிந்த மருந்துதான், குலுக்க வேண்டியிருந்ததில்லை. எழுதி ஒட்டியிருக்கிறதே என்று மனது ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது. உன் அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது, அவளோடு பத்து வருஷம் குடும்பம் நடத்திய எனக்கு, அந்த வாசலில் நிற்கும்போது ஞாபகம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் மறதி என்று சொல்லித் தப்பலாம். நான் படலையைத் திறக்கும்போது அவள் பின்னாலே வந்தாள்.

"இஞ்சேருங்க, புள்ள கைப்புக்குத் துப்பிப்போடுவாள். கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுக் குடுக்கட்டா?"

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலீசு மருந்தோடு எலுமிச்சைப் புளி விடுகிற நாட்டு வைத்தியம் எல்லாம் வைத்துக்கொள்ளாதே, சொன்னதைச் சொன்னபடி செய், ஒரு சொட்டு வேறெதுவும் படக்கூடாது என்று படலையில் நின்று சத்தம் போட்டேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடிதான் நடக்கும், அது உனக்கும் தெரியும்.

உனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடைய கிணற்றில் மாரி தொடங்கினால் தண்ணீர் கலங்கித்தான் வரும். மண்பானையின் உள்ளே தேத்தாங்கொட்டையை உரசி, தண்ணீரை விட்டு, ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டால் மண்டியெல்லாம் அடியில் போய்த் தங்கும். பிறகு பானையைத் தட்டாமல் மேல் தெளிவை மட்டும் மொள்ளுவோம். அடி மண்டியை வாழைக்கு ஊற்றிவிடுவோம். பானையை இடித்துக் கலக்கிவிட்டால் பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் நல்ல ஏச்சு விழும். வாவிக்கரையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெளிவு என்றால் நல்லது, மண்டி என்றால் அழுக்கு. அப்படிப்பட்ட கையில் அடியில் வெள்ளை தங்குகிற போத்தல் ஒன்றைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி போத்தலைத் தூக்கி, கலங்காமல் சரித்து, தெளிவை மட்டும் உனக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்று நாளுக்கு மேல் நீ குடித்தது கொஞ்சம் கசக்கிற பச்சைத் தண்ணீர். காய்ச்சல் இறங்கவே இல்லை.

இது எனக்கு நாலாம் நாள் மத்தியானம் படுவான்கரையில்தான் விளங்கியது. ஒரு குடிசையில் நடுவயதுப் பெண் ஒருத்தி புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் என் வாயாலேயே குலுக்கிக் கொடு என்று சொல்லியிருந்தேன். போத்தலை எடுத்துக் காட்டினாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை. "குலுக்கினா மண்டியெல்லோ சேந்து வந்திரும் ஐயா, நான் தெளிவைத்தான் வடிச்சுக் குடுத்தனான்" என்று பெருமையாகச் சொன்னாள். மருந்தை எல்லாம் அடியில் விட்டுவிட்டாயே என்று ஏசினேன். ஏசிக்கொண்டே சுற்றிலும் பார்த்தேன், ஊறுகாய்க்கு அறுத்துவைத்த தேசிக்காய் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. புளிப்பு எதுவோ அது திராவகத்துக்குத் தம்பி முறை என்று புத்தகத்தில் படித்ததுதான். தேசிக்காய்ப் புளியிலும் கொயினா கரையும் என்று அதே புத்தகத்தில் இருந்தது. போத்தலில் தண்ணீர் சேர்த்து, இரண்டு தேசிக்காயைப் பிழிந்து விட்டு ஆட்டினேன். வெள்ளை கரைந்தது. வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தேன், ஓரத்தில் நீலம் வந்தது.

மகளே, எத்தனையோ தரம் பார்த்த நீலம் அது. தேசிக்காய்ப் புளி விடட்டா என்று உன் அம்மா கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. படலையில் நிற்கும்போது விழவில்லை. எழுத்து அறியாதவள் கேட்டது சரியான இரசாயனம். புத்தகம் படித்த நான் அதை வேண்டாம் என்றேன், கண்ணாடிப் போத்தலில் கப்பலேறி வந்தால்தான் அது திராவகம் என்கிற திமிரில். நம் வளவில் தேசிமரம் காய்த்து நிலத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது.

எல்லாப் போத்தலுக்கும் தேசிக்காய் பிழியச் சொல்லு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத் துறைக்கு ஓடினேன். அவள் வீடு வீடாகப் போய்ப் பிழிந்திருக்கிறாள். படுவான்கரையில் பிறகு காய்ச்சல் இறங்கினதற்கு அவள்தான் காரணம், பேர் என்னவோ எனக்குத்தான் கிடைத்தது. கைராசிக்காரர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

துறையில் காத்தான்குடி முஸ்லிம் பெரியவர் ஒருவர், காக்கா என்று கூப்பிடுவோம், தோணியோடு நின்றார். காற்று இல்லை. பாய் தொங்கிப்போய்க் கிடந்தது. அவர் கம்பை ஊன்றி ஊன்றித் தள்ள, வாவி முடிவில்லாமல் விரிந்து கிடந்தது. தூரத்தில் நம் பக்கத்து எழுவான்கரைத் தென்னைகள் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒட்டாமல் மிதந்தன. முகத்துவாரம் வெட்டி விட்டிருந்த நேரம், கடல் உள்ளே வந்திருந்தது. நான் தாகத்தில் கையால் அள்ளப் போனேன். "மேலால அள்ளுங்க தம்பி" என்றார் காக்கா, மேலே மழைத் தண்ணீர், கையைத் தாழ விட்டால் உப்புக் கரிக்கும், பார்க்கத்தான் ஒன்றாய்க் கிடக்கிறது என்று விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது சரி. மேலே இனித்தது, முழங்கை ஆழத்தில் கரித்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்த வாவி முழுவதும் ஒரு பெரிய மருந்துப் போத்தலாகவும், நான் அதற்குள்ளே எந்தப் பக்கமும் நகராமல் நிற்பதாகவும் தோன்றியது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. கரை தட்டும்போது நன்றாக இருட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது போத்தலை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கடைசி வேளைக்கு அடியில் தங்கியிருந்த வெள்ளையைக் கண்டு அம்மா முதலில் வாழைக்கு ஊற்றத்தான் போயிருக்கிறாள். பிறகு, பன்னிரண்டு குறிக்கும் மருந்து என்று நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. சொன்னபடி செய் என்று கத்திவிட்டுப் போனவன் நான் இல்லையா? பன்னிரண்டாவது குறியும் உள்ளே போக வேண்டும் என்று, அந்த வெள்ளை முழுவதையும் வழித்து, போத்தலைக் கழுவின தண்ணீரையும் சேர்த்து, நீ துப்பத் துப்ப உனக்குப் பருக்கியிருக்கிறாள். நாலு நாள் மருந்து ஒரே வேளையில். நீ பாயில் கிடந்து சத்தி எடுத்தாய். என்னைக் கண்டதும் "அப்பா, கடல் இரையுது, நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாய். இரண்டு நாள் அந்தக் கடல் உன் காதுக்குள்ளே இரைந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது. காதும் போய்விட்டது. கொயினா அளவு மிஞ்சினால் முதலில் காது இரையும், பிறகு அடைக்கும் என்று என் புத்தகத்தில் அந்த மருந்தின் பெயருக்குக் கீழேயே எழுதியிருக்கிறது.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், காய்ச்சலில் போனது என்று சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், கைராசி என்ற பேர் போய்விடும் என்று. ஊரும் காய்ச்சல் என்று சொல்லிப் பழகிவிட்டது. உன் அம்மா மட்டும் பழகவில்லை. ஒரு நாள் அடுப்படியில் என்னைப் பிடித்துக் கேட்டாள்.

"அந்த அடி மண்டியக் குடுத்தனே, அதாலயா?"

ஓம் என்று சொல்லி, அது உன் பிழை இல்லை, நான் சொல்லாமல் விட்டது என்று முழுவதையும் சொல்லியிருக்கலாம். ஓம், இல்லை இரண்டும் சொல்லாமல், "இனி அதைப் பேசி என்ன" என்றேன். அவள் திரும்பி அடுப்பை ஊதத் தொடங்கினாள். அன்று முதல் உனக்குச் சோற்றைக் கையால் போடாமல் அகப்பையால்தான் போடுவாள், கவனித்திருக்கிறாயா? தண்ணீரைக் கூட உன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள், கையில் தரமாட்டாள். நீ அதை வெறுப்பு என்று நினைத்து வளர்ந்தாய்.

எல்லாவற்றிலும் கேவலமானதை இனித்தான் சொல்கிறேன். உனக்குப் பதினாலு வயதில், என்னவோ ஒரு சின்னச் சண்டையில், "நீங்க தந்த மருந்துதான் என்ட காதக் கொண்டுபோனது" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாய். அந்தக் கைப்பு உன் நாக்கில் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சிலேட்டும் குச்சியுமாகப் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையை எழுத ஒரு வரி போதும். நான் எழுதியது, "அம்மாவுடன் அப்படிப் பேசக்கூடாது." புத்திமதி சொன்னேன், பார். திருடனே ஊர்த் தலைவரான விதானையிடம் திருட்டைப் பற்றி முறைப்பாடு வைத்த கதை.

குலுக்கு என்று சொல்லியிருந்தாலும் உன் அம்மா குலுக்கியிருக்க மாட்டாள், படுவான்கரைக்காரி நான் சொல்லியும் கேட்கவில்லையே என்று பன்னிரண்டு வருஷம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பொய். உன் அம்மா நான் சொன்னால் செய்திருப்பாள். சொன்னதைச் செய்துதான் இந்தப் பழி அவள் தலையில் விழுந்தது.

கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். நான் சொல்லுகிற புத்திக்கு இனி என்ன மதிப்பு இருக்கப்போகிறது? ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். உன் மாப்பிள்ளை உன்னைப் பார்க்க வந்த அன்றைக்கு, வந்த சனம் எல்லாம் உன் காதருகில் குனிந்து கத்தினார்கள், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அவன் மட்டும் எழுந்து முன்னால் வந்து, உனக்கு முகம் தெரிய உட்கார்ந்து, மெதுவாகப் பேசினான். உனக்கு விளங்கவில்லை என்றதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு மறுபடி சொன்னான். அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. நீயும் அப்படியே இரு. எழுதி ஒட்டிவிட்டேன், அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே. பாலும் தேனும் போல இருங்கள் என்று வாழ்த்துவார்கள், அதையெல்லாம் பெரிதாக எடுக்காதே, பாலும் தேனும் வெறும் கலவை. இரண்டு பேர் சேர்ந்து என்ன ஆவார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவன் முட்டாள்தனமாய் ஏதாவது கேட்டால் படலையில் நின்று கத்தாதே. ஒரு நிமிஷம் நின்று, அவன் கேட்டதில் சரி இருக்கிறதா என்று பார்.

இதையெல்லாம் அம்மாவிடம் நானே நேரில் சொல்வதுதான் முறை. இன்று காலையில் மட்டும் மூன்று தரம் அடுப்படி வாசலுக்குப் போனேன். மூன்று தரமும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அறுபது வயதை எட்டப்போகிறவனுக்கு இந்தப் பயம். ஒருத்திக்குக் காது கேட்காது, மற்றவளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் வசதியாய் ஒளிந்து குடியிருந்தேன். இன்றோடு அதைக் காலி பண்ணுகிறேன்.

இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போ. அம்மா கலியாணப் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி. உன் குரல் உனக்குக் கேட்காது என்று கூச்சப்படாதே, அந்தக் குரலுக்காக அவள் ஏங்கிக் கிடக்கிறாள். இடையில் அவள் அழுவாள், நிறுத்தாதே. என்னை ஏசினாலும் நிறுத்தாதே. நீ ஏசினாலும் எனக்குச் சம்மதம், ஆனால் வாசித்து முடித்துவிட்டு ஏசு.

இனி வருகிற வரிகள் உனக்கில்லை மகளே. உன் வாயால் அவளுக்கு.

பூமணி, பிள்ளைக்குத் தேசிக்காய்ப் புளி விடட்டா என்று நீ கேட்டாய். விட்டிருந்தால் மருந்து கரைந்திருக்கும், பிள்ளைக்குக் காது இருந்திருக்கும். வேண்டாம் என்று கத்தினவன் நான். குலுக்கு என்று சொல்லாமல் போனவனும் நான். நீ கேட்ட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவனும் நான். உன் கையில் ஒரு பிழையும் இல்லை. நீ கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்துவிடு. வாடிக்குப் போக வேண்டியவன் நான்தான், என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். நீ பிள்ளையோடு இரு.